வேட்டியில் மேப்பிள் வாசம்

1

இன்று யாழினிக்கு முதல் பிறந்த நாள். யாழினி என் மகள் வனிதாவின் குழந்தை. அவர்கள் மதுரையில், வில்லாபுரத்தில் இருக்கிறார்கள். நான் கனடாவில், மிசிசாகாவில், மகன் குமரன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம் இங்கே காலை. “கேக் வெட்டுறப்போ நானே கூப்பிடுறேன்பா” என்று வனிதா செய்தி அனுப்பியிருக்கிறாள். ‘நானே’ என்ற சொல்லை நான் கவனிக்காமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மற்ற மூவரும் இன்னும் எழவில்லை. இந்த வீட்டில் பன்னிரண்டு ஜன்னல்கள், திறக்க முடிவது ஐந்து, திறப்பது ஒன்று. அந்த ஒன்றையும் அக்டோபருக்குப் பிறகு மூடிவிடுவார்கள். உள்ளே எது சமைத்தாலும் அந்த வாசம் சோபாவிலும் கோட்டிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மேசைமேல் மேப்பிள் சிரப் பாட்டில் இருந்தது; மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகு. ஞாயிற்றுக்கிழமை பேத்தி ரியாவுக்குப் பான்கேக் நாள்; அந்த மைதா தோசைமேல் இதை ஊற்றித்தான் தின்பாள். மூடி சரியாக மூடாததால் அந்த இனிப்பு வாசம் அறை முழுவதும் பரவியிருந்தது. இறுக மூடி, எடுத்துக்கொண்டு போய், அலமாரியில் அரிசிப் பைக்குப் பின்னால் வைத்தேன். ஒரு வருடமாக எனக்கு அந்த வாசம் ஆகவில்லை.

இன்று வனிதாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வில்லாபுரம் வீட்டில் மாடியில் ஓர் அறை இருக்கிறது. “அம்மாவும் போயாச்சு. அங்க தனியா உக்காந்து என்ன பண்ணப்போறீங்க? இங்க வந்துருங்கப்பா” என்று அவளே முன்பு சொன்ன அறை. அது இன்னும் எனக்குத்தானா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். இதைக் கேட்க நான் ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன்.

2

முப்பத்து மூன்று வருடம் மதுரைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியவன் நான். இங்கே வந்தபின் அந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு மாணவன்தான், அவனும் விருப்பமில்லாத மாணவன்: குமரன்.

இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூண்டு கிடையாது. திங்கட்கிழமை மட்டும் அவன் நேரில் ஆபீஸ் போக வேண்டும்.

“அப்பா, நாளைக்கு மீட்டிங் இருக்கு. பூண்டு வேணாம்பா.”

“எத்தனை பல்லு வரைக்கும் உங்க ஆபீஸ் தாங்கும்? சொல்லு, எண்ணிப் போடுறேன்.”

“அப்பா, ப்ளீஸ்.”

பல் விளக்கினால் போகாதா என்று ஒருநாள் கேட்டான். போகாது. பூண்டை நசுக்கும்போது கந்தகம் சேர்ந்த பல பொருள்கள் உண்டாகின்றன. பெரும்பாலானவற்றைக் குடலும் ஈரலும் உடைத்துப்போடும். அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற ஒன்றை மட்டும் அவற்றால் எளிதில் உடைக்க முடிவதில்லை. அது ரத்தத்தில் கலந்து சுற்றுகிறது. நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது, தோல் வழியாக வியர்வையில் வருகிறது. வாயைக் கழுவி என்ன பயன்? வாசம் வருவது வாயிலிருந்து அல்லவே. மறுநாளும் வரும்.

“பச்சை ஆப்பிள் தின்னா கொஞ்சம் குறையும்” என்றேன். அதிலிருந்து குமரன் காரில் ஆப்பிள் தின்றுகொண்டே ஆபீஸ் போகிறான். என் பாடத்தில் அவன் கடைப்பிடித்தது அது ஒன்றுதான். ரியா பள்ளிக்குக் கொண்டுபோவது ரொட்டியும் வெள்ளரிக்காயும். ஒருமுறை புளியோதரை கட்டிக் கொடுத்தேன். அப்படியே திரும்பி வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அவள் வருத்தப்படாமல், மரியாதையாக, ஆங்கிலத்தில், அது நாள் முழுக்கக் கையில் மணக்கும் என்றாள். உண்மைதான். மதிப்பெண் போடுவதென்றால் முழு மதிப்பெண்ணே போட்டிருப்பேன்.

3

போன வருடம் வனிதாவின் பிரசவத்துக்குப் போனேன். தாய் இருந்து பார்க்க வேண்டிய காரியம். என் மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. ஆகவே தகப்பன் போனேன். விளாங்குடியிலிருந்து என் தங்கை பாக்கியம் வந்து இறங்கியிருந்தாள், இரண்டு பைகளோடு. ஒன்றில் அவளுடைய சேலைகள். மற்றதில் பூண்டு, கருப்பட்டி, வெந்தயம்.

ஊருக்குப் போன முதல் நாள் அவனியாபுரம் ரோட்டில் ஒரு கடையில், “சர்க்கரை இல்லாம ஒரு காபி, ப்ளீஸ்” என்றேன். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். “காபி பத்து நிமிசத்துல எல்லாருக்கும் வரும்ணே. ப்ளீஸெல்லாம் எதுக்கு?” என்றார். பெஞ்சில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்று முழுவதும் யாரிடம் எது கேட்டாலும் வாயில் வந்த ‘ப்ளீஸ்’ஸை விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பச்சரிசியும் வெந்தயமும் பூண்டும் வேகவைத்து, கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப் பாலும் ஊற்றிக் கஞ்சி. பால் ஊறுவதற்கு. காலையும் மாலையும் வனிதாவுக்கு அதுதான்.

“எத்தனை ஸ்பூன் வெந்தயம் போடுற?” என்று கேட்டேன்.

“வந்துட்டாருய்யா வாத்தியாரு. நாலு ஸ்பூன்ணே. எண்ணிக்கிட்டியா?”

“எண்ணிட்டேன்.”

“இந்தா, இன்னொரு நாலு” என்று என் கண்ணெதிரே போட்டாள். “இப்ப போயி டீயக் குடிச்சிட்டு வா. புள்ள பெத்தவளுக்குக் கஞ்சி வைக்கிற எடத்துல நின்னு ஸ்பூன் எண்ணாத.”

மருமகன் செந்தில் என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளையடித்த அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, கிறீச்சிடும் ஒரு ஃபேன். மேற்கே இரண்டு ஜன்னல்கள், இரண்டும் திறந்திருந்தன. “மாமா, ஏசி போட்டுருவோம். புஸ்தகத்துக்கு ஒரு ஷெல்ஃப் அடிக்கச் சொல்லிருக்கேன்” என்றார். கீழே குழந்தை அழுதது. அந்த அறையில் நின்று எனக்கு எத்தனை புத்தகங்கள் என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

4

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, யாழினியை மடியில் வைத்திருந்தேன். வேட்டியை நனைத்தாள். பாக்கியம் குழந்தையை வாங்கித் துணி மாற்றப் போனாள். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ஈரம் காயக் காய ஒரு வாசம் எழுந்தது.

மேப்பிள் சிரப்.

சந்தேகமே இல்லை. பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் மூக்கில் ஏறிய வாசம். வில்லாபுரத்தில், என் பருத்தி வேட்டியில்.

ரியா பிறந்தபோது இங்குள்ள ஆஸ்பத்திரியில் அவள் குதிகாலில் ஊசி குத்திச் சில சொட்டு ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். நர்ஸ் பொறுமையாக ஒவ்வொரு வியாதியாகச் சொன்னார். அதில் ஒன்றின் பெயரிலேயே மேப்பிள் சிரப் இருந்தது. பிறவியிலேயே வரும் கோளாறு. உணவுப் புரதத்திலுள்ள மூன்று அமினோ அமிலங்களை அந்தக் குழந்தைகளின் உடல் உடைக்காது. தாய்ப்பாலில் இருப்பதும் அதே புரதம்தானே. உடைபடாதது ரத்தத்தில் சேர்ந்து மூளையைத் தாக்கும். சீக்கிரம் கண்டுபிடிக்காவிட்டால் குழந்தை தங்காது. சிறுநீர் மேப்பிள் சிரப் போல மணக்கும். என் மனைவி அப்போது என் காதில், “இட்லிக்குத் தொட்டுக்கிறாப்புல தின்னுறாங்க, அதுல போயி வியாதிக்குப் பேரு வச்சிருக்காங்க” என்று சொல்லிச் சிரித்தாள்.

மதுரையில் யாழினிக்கு அந்த ரத்தப் பரிசோதனை செய்திருக்கவில்லை. நான் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன்.

“மாப்ள, காரை எடுங்க” என்றேன். “வனிதா, குழந்தையத் தூக்கு.”

“என்னண்ணே இம்புட்டுப் பதறுற?” என்றாள் பாக்கியம். “புள்ள நல்லாத்தான பால் குடிக்குது?”

“இந்த வாசத்தைப் பாரு.”

வேட்டி நுனியை முகர்ந்து பார்த்தாள். “பச்சப்புள்ள மூத்திர வாசம். இதுல என்ன இருக்கு?”

வியாதியின் பெயரைச் சொன்னேன். செந்தில் போனில் தேடினார். படிக்கப் படிக்க முகம் மாறியது. “மாமா, இதுல கோமான்னு போட்டிருக்கே” என்றார். அதைக் கட்டிலில் இருந்த வனிதா கேட்டுவிட்டாள்.

பழங்காநத்தம் பக்கத்தில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயது. நிதானமானவர். துணியை முகர்ந்து பார்த்து, “ஆமா, இனிப்பா ஏதோ இருக்கு” என்றார். குழந்தையின் கைகாலை ஆட்டிப் பார்த்தார். “ஆக்டிவாத்தான் இருக்கா. இருந்தாலும் நீங்க சொல்றத நான் ஒதுக்க முடியாது சார். அம்மா ஏதாவது நாட்டு மருந்து, மூலிகை மருந்து எடுக்கிறாங்களா?”

“இல்ல டாக்டர்” என்றோம். நான், செந்தில், வனிதா மூன்று பேரும் ஒரே நேரத்தில். பின்னால் நின்ற பாக்கியமும் இல்லை என்று தலையாட்டினாள். யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் கஞ்சி என்பது சாப்பாடு. மருந்து என்றால் கசக்க வேண்டும், டாக்டரோ வைத்தியரோ கொடுத்திருக்க வேண்டும்.

ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரும் வரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும், தாய்ப்பால் நிறுத்தம். யாழினிக்குக் கையில் சர்க்கரைத் தண்ணீர் டிரிப், அந்த மூன்று அமிலங்கள் இல்லாத தனிப் பால் பவுடர்.

5

பால் கட்டி வலித்தபோது வனிதா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பிழிந்து கீழே ஊற்றினாள். பக்கத்து அறையில் குழந்தை அழுதால் அவள் சட்டை நனைந்தது. நான் வராந்தாவில் போய் நின்றுகொள்வேன்.

மறுநாள் மத்தியானம் அவள் அசந்து தூங்கினாள். மின்சாரம் போயிருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. ஓர் அட்டையை எடுத்து விசிறக் குனிந்தேன். அவள் கழுத்திலிருந்து அதே வாசம் வந்தது.

விசிறுவதை நிறுத்திவிட்டேன். அந்த வியாதியோடு பிறந்தவள் இத்தனை வயது வரை ஒரு மருந்தும் இல்லாமல், கறியும் முட்டையும் தின்று, கல்லூரி போய், கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்றிருக்க முடியாது. அப்படியானால் இது பிறவியில் வந்தது இல்லை, வாய் வழியாக வந்தது. கட்டிலுக்குக் கீழே பாக்கியம் கொண்டுவந்த தூக்குவாளி இருந்தது. திறந்தேன். நாலு ஸ்பூன். இன்னொரு நாலு.

டாக்டரிடம் ஓடினேன். “டாக்டர், அது வெந்தயம். தாய்கிட்டயும் அதே வாசம். கஞ்சியில போகுது, பால்ல வருது.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “வெந்தயம் சாப்பிடுறாங்கன்னு நேத்தே சொல்லிருக்கலாமே சார்.”

“மருந்தான்னு கேட்டீங்க. அது கஞ்சி டாக்டர்.”

“சரி. அப்படித்தான் இருக்கும்னு எனக்கும் தோணுது. கஞ்சிய நிறுத்திப் பாருங்க, வாசம் போயிரும். ஆனா பால் குடுக்கச் சொல்ல மாட்டேன். நேத்து நீங்கதான் வியாதின்னீங்க. இன்னைக்கு நீங்களே இல்லைங்கிறீங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல? ரிப்போர்ட் வரட்டும்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு பயத்தைக் கிளப்ப ஒருவன் வாய் போதும். அதை இறக்கிவைக்க முத்திரை குத்திய தாள் வேண்டியிருக்கிறது. அந்தத் தாளும் எளிதில் வரவில்லை. இடையில் விடுமுறை வந்தது. பெயர் வைக்காத குழந்தை என்பதால் ‘வனிதாவின் குழந்தை’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அன்று அந்த லேபுக்கு அதே பெயரில் இன்னொரு குழந்தையின் ரத்தமும் போயிருந்ததாம். எது எது என்று உறுதிசெய்து கடிதம் கேட்டார்கள். கவுண்டரில் தாத்தா என்று கையெழுத்துப் போடப் போனேன். அடையாள அட்டை கேட்டார்கள். கனடா அட்டையைக் காட்டினேன். “ஃபாரினா? உள்ளூர் ஆளு யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க சார்” என்றார் அந்தப் பெண். உள்ளூர் ஆள் என்று செந்தில் போட்டார்.

கஞ்சியைப் பாக்கியம் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். “எங்கண்ணன் படிச்ச படிப்பு” என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஒரு வாரத்துக்கு மேல் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஒன்றும் இல்லை. குழந்தைக்கு எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. வாசமும் அதற்குள் போயிருந்தது. பாலும் பெருமளவு வற்றியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் வனிதா கதவைச் சாத்திக்கொண்டு முயன்றாள். புட்டிக்குப் பழகிய குழந்தைக்குப் பொறுமை இல்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, “அவ மூஞ்சியத் திருப்பிக்கிறாப்பா” என்றாள். பாக்கியம் மறுபடியும் கஞ்சி வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் வந்தது. அது போதவில்லை.

நான் கிளம்பும் நாளில் வனிதா வாசல் வரை வந்தாள். “நான் ஒண்ணும் கோவமா இல்லப்பா. நீங்க பயந்துட்டீங்க, அம்புட்டுத்தான்.” குழந்தை செந்தில் தோளில் இருந்தது. என் கையில் யாரும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாடி அறையைப் பற்றி அவளும் பேசவில்லை.

6

இங்கே திரும்பியபின் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். வெந்தயத்தில் சோட்டலோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. சாப்பிட்டால் உடல் அதை அவ்வளவாக மாற்றுவதில்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் பாலிலும் அப்படியே வெளியே வருகிறது. மேப்பிள் சிரப்பின் வாசத்திலும் அதே பொருளுக்குப் பங்கு உண்டு. அந்த வியாதியுள்ள குழந்தைகளின் சிறுநீர் மணப்பதற்கும் அதுவே காரணம் என்கிறார்கள். ஆக, என் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் அதேதான். நான்தான் மூன்றில் தப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்னொன்றும் படித்தேன். அந்தப் பொருள் அடர்த்தியாக இருந்தால் வெந்தயமாக மணக்கும். மிகவும் நீர்த்துப்போனால் காய்ச்சிய சர்க்கரைப் பாகாக மணக்கும். மதுரையிலேயே இருந்திருந்தால் எனக்கு அந்த வேட்டியில் ஒன்றும் தெரிந்திருக்காது. பாக்கியத்துக்குத் தெரியவில்லை அல்லவா? அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் மணந்தது. பத்து வருடம் வெளியே இருந்த மூக்குக்குத்தான் அது தனியாகத் தெரிந்தது. தெரிந்தும், வெந்தயம் என்ற சொந்த ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை.

ஐம்பது வருடம் வெந்தயம் தாளித்த வீட்டில் சாப்பிட்டவன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

7

போன் வந்தது. செந்தில்தான் பிடித்திருந்தார். “மாமா, தெரியுதா?” ரோஸ் கவுன், நெற்றியில் பெரிய பொட்டு. யாழினி கேக்கைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பதினான்கு பேர்.

“அண்ணே!” என்று பாக்கியம் நடுவில் தலையை நீட்டினாள். “மெழுகுவத்தி எத்தனைன்னு எண்ணு பாப்போம்.”

“ஒண்ணு.”

“அடேயப்பா. கணக்கு மறக்கலையே.”

எல்லாரும் சிரித்தார்கள். வனிதா போனை வாங்கினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். “சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்மா. தை பிறந்ததும் அங்க வரலாம்னு இருக்கேன்.” போனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். “மாடி ரூம்ல அந்த ஃபேன் ஓடுதா?”

அவள் செந்திலைப் பார்த்தாள். ஒரு கணம்தான். “மாடில ஆளு இருக்காங்கப்பா. பழங்காநத்தத்துல செல்போன் கடை வச்சிருக்க தம்பியும் அவரு வீட்டுக்காரியும். போன மாசந்தான் குடிவந்தாங்க.”

“அப்படியா. நல்ல ஆளுகளா?”

“நல்ல ஆளுகதான்ப்பா. நீங்க வாங்க. விளாங்குடில அத்தை வீட்ல தங்கிக்கிட்டு, அப்பப்ப இங்க வந்து இவளப் பாத்துட்டுப் போகலாம்.”

“சரிம்மா.”

குழந்தை சிணுங்கியது. “பால் கலக்கணும்பா. வச்சிரவா?” வைத்துவிட்டாள்.

போன வருடம் கிளம்பும்போது பாக்கியம் என் பெட்டியில் ஒரு பொட்டலம் வெந்தயம் வைத்திருந்தாள். இதுவரை பிரிக்கவில்லை. இப்போது பிரித்தேன். சின்ன வாணலியை அடுப்பில் வைத்து, ஒரு கை போட்டு, கரண்டியால் கிளறினேன். சிவந்து, பொரிந்து, புகை எழுந்தது. முகத்தை அருகில் கொண்டுபோகப் பயமாக இருந்தது. தள்ளி நின்றே கிளறினேன்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். ரியா, தூக்கக் கலக்கத்தோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

“தாத்தா, பான்கேக்கா?”

“இல்லம்மா, வெந்தயம்.”

மறுபடியும் உறிஞ்சினாள். தலையை ஆட்டினாள். “இல்ல, பான்கேக்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அடுப்பை அணைத்தேன். அரிசிப் பைக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.